தகடூர் நாட்டு நீரும் முடக்கு நோயும்

கிருஷ்ணகிரியினின்று தருமபுரிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த பழம்பதி காரிமங்கலம். ஊரையடுத்த குன்றின்மீது அருணேசுவரப் பெருமான் எழுந்தருளியிருக்கின்றார். குன்றின் மேல் நின்று நோக்குவார்க்குத் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும், அவற்றிற்கு அப்பால் கேழ்வரகும் கொள்ளும் விளையும் மேட்டுப் புன்செய்களும், இடையிடையே தலைநீட்டும் கரும்பாறைகளும் தோன்றும். பார்வைக்கு இனிய அப்பாறைகளே இவ்வூர்ப் பக்கத்து மக்களின் எலும்போடு தொடர்புடையவை என்பது நெடுங்காலம் எவரும் அறியாதிருந்த செய்தி.

சந்நிதியை அடைந்த அடியவர் உடம்பால் செய்யும் வழிபாடு மூன்று. தலைமேற் கைகுவித்தல் ஒன்று. தலைதாழ்த்தி வணங்கல் ஒன்று. நிலமுற விழுந்து எழுதல் ஒன்று. செல்வர்க்கும் வறியர்க்கும் பொதுவாகிய வழிபாடு இது, பொருட்செலவு வேண்டாதது. ஆயினும் தகடூர் நாட்டு ஊர்கள் பலவற்றில், நாற்பது வயதைக் கடந்த ஆடவரும் பெண்டிரும் இம்மூன்றையும் செய்யமாட்டாமல் கற்றூண் போல் நிமிர்ந்து நின்று கண்ணீர் மல்குவதைத் தலைமுறைகள் கண்டுள்ளன. கை தலைக்கு மேல் எழுவதில்லை. கழுத்து வளைவதில்லை. முதுகு குனியவும் முழங்கால் மடங்கவும் மறுக்கின்றன. முதுமை என்றனர் சிலர். வாதம் என்றனர் சிலர். முன்வினை என்று பெருமூச்செறிந்தனர் பலர்.

இங்கே வியப்பான ஒற்றுமையொன்று உண்டு. நீரின் குற்றத்தால் எலும்பு இறுகும் நோயை ஊர்தோறும் சென்று ஆராயும் மருத்துவர், எக்ஸ்ரேக் கருவி இல்லாத இடத்தில் எளிய சோதனைகள் மூன்றைச் செய்வர். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிற் கிடக்கும் நாணயத்தை எடுக்கச் சொல்வர். மோவாயால் மார்பைத் தொடச் சொல்வர். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பிடரியைத் தொடச் சொல்வர். குனிதலும், தலைதாழ்த்தலும், கையைத் தலையளவும் உயர்த்தலும் ஆகிய இம்மூன்றும் திருக்கோயிலில் அடியவர் நாள்தோறும் செய்யும் செயல்களே அல்லவா? இந்நோய் பற்றியவன் முதலில் இழப்பது வணங்கும் ஆற்றலை என்று கூறினும் பிழையாகாது.

மூட்டு நோவு புதியதொரு நோயன்று. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாகப் பகுக்கின்றது. வடமொழி ஆயுர்வேதமும் அவ்வெண்ணையே கொள்ளும். பதினாறாம் நூற்றாண்டில் மேற்பத்தூர் நாராயண பட்டத்திரி வாதத்தால் முடங்கிக் குருவாயூர்ச் சந்நிதியில் அமர்ந்து நாராயணீயம் பாடி நலம் பெற்றார் என்னும் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. இன்றும் வாத நோயர் அத்தலத்தை நாடுகின்றனர்.

பிரார்த்தனையோடு மருந்தையும் நம் கோயில்கள் மறந்தனவல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிற் சுவரில் நீண்ட கல்வெட்டொன்று உள்ளது. கி.பி. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்தது. கோயிலைச் சார்ந்து வேதம் ஓதும் கல்லூரியும், அதில் பயில்வார்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உதவ ‘வீரசோழன்’ என்னும் பெயர்கொண்ட ஆதுலர்சாலையும் இருந்தன. ஆதுலர்சாலையாவது நோயாளர் தங்கி மருந்துண்ணும் இல்லம். படுக்கைகள் பதினைந்து. படுத்திருப்பவர் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு நாழி அரிசி. தலைமை மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டர். அவருக்கு ஆண்டுக்கு நெல் 90 கலமும் காசு 8-உம் விதித்திருந்தனர். அறுவை செய்வோர்க்கு 30 கலம். இவர்களன்றி மூலிகை பறித்து விறகு கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் வார்ப்பார் ஒருவர். இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு.

அச்சாலையில் ஓராண்டுக்கு வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. அதனைப் படிப்போர் சற்றே நிற்க வேண்டும். பலாகேரண்ட தைலம் என்பது ஒன்று. பலை என்பது சிற்றாமுட்டி. ஏரண்டம் என்பது ஆமணக்கு. லசுநமாகிய வெள்ளுள்ளியும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் மற்றொன்று. தசமூலமும் கடுக்காயும் கூடிய மருந்து இன்னொன்று. சிற்றாமுட்டி, ஆமணக்கு, வெள்ளுள்ளி ஆகிய மூன்றும் வாதத்திற்கென்றே மருத்துவர் முதன்மையாகக் கொள்ளும் சரக்குகள். தொள்ளாயிரத்தைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், பாலாற்றங்கரையில் மூட்டுப் பிடித்து வருந்திய ஒருவனுக்கு இளஞ்சூட்டில் தைலம் தேய்த்துவிட ஆள் இருந்தது. அவ்வாளுக்கு நெல் அளக்கக் கோயில் இருந்தது. அறம் செய்தோர் தம் பெயர் நிலைக்கவென்று மட்டும் கல்வெட்டினார்கள் என எண்ணுவது பெருந்தவறு. எந்தத் தைலம் இருக்க வேண்டும் என்பதுவரை எழுதிவைத்தவர் அவர்.

இன்னொன்றும் அதிற் குறிக்கத்தக்கது. அங்கே பருகும் நீருக்கு ஏலமும் வெட்டிவேரும் இட ஏற்பாடு செய்திருந்தனர். மருந்தைப் போன்றே நீரையும் கருதினர் என்பது இதனாற் புலனாகும். தகடூர் நாட்டுக் கதைக்கு இக்குறிப்பே வாயில்.

நோயை அறிவதோடு அமையாமல் அதன் முதலையும் ஆராய்க என்பது வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த நெறி. ஆமணக்கெண்ணெய் ஆயிரம் பேரின் மூட்டை இளக்கியதுண்டு. எனினும் சில ஊர்களில் எவ்வளவு தேய்த்தும் இளகாத மூட்டுகள் இருந்தன. கணவன், மனைவி, அண்டை வீட்டார், ஏர் உழும் எருது என ஒருவர் தப்பாமல் விறைத்தனர். ஓரூரில் அனைவர்க்கும் ஒரே வயதில் ஒரே முடக்கம் வருமாயின் அதன் முதல் ஊருக்குப் பொதுவானதொன்றாகவே இருத்தல் வேண்டும்.

அப்பொதுப்பொருளைக் கண்டறிந்த வரலாறு சென்னை மாகாணத்திற்கே உரியது. 1932-இல் டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரில், கிரியோலைட் என்னும் கனிமத்தைப் பொடியாக்கும் தொழிற்சாலையில் உழைத்தவர்களின் எலும்புகள் எக்ஸ்ரேயில் வழக்கத்துக்கு மாறாக வெளுத்துத் தடித்துத் தோன்றியதை இரு மருத்துவர் கண்டனர். கிரியோலைட்டில் புளோரின் உண்டு; அப்பொடியை மூச்சில் ஈர்த்ததால் வந்த கேடு அது. ஆனால் தொழிற்சாலையே காணாத உழவர்க்கு அந்நோய் வருமென்று எவரும் எண்ணவில்லை. 1937-இல் ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்டு, மன்னாடி நாயர் ஆகிய நால்வர், அக்காலத்து நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பொதிலி, தர்சி, கனிகிரிப் பகுதிகளில் முதுகும் கழுத்தும் இறுகிய மக்களை ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். குற்றம் காற்றிலன்று, கிணற்று நீரில் இருந்தது. குடிநீரால் எலும்பு முடங்கும் நோயை உலகுக்கு விரிவாக எடுத்துக்காட்டிய முதல் ஆராய்ச்சிகளுள் இது வைத்தெண்ணப்படுகின்றது. அந்நாளில் சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த காரிமங்கலமும் அதே மாகாணத்தினதே. எனினும் அந்த அறிவு பொதிலியிலிருந்து காரிமங்கலத்துக்கு நடந்துவரப் பல பத்தாண்டுகள் ஆயின. காலால் நடக்க மாட்டாதவர் காத்திருந்தனர். நடக்க வல்ல அறிவு ஏன் அத்துணை மெல்ல நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

நீரில் இக்குற்றம் நேருமாற்றை அறிதல் நலம். தருமபுரிப் பக்கத்து நிலம் சார்னோகைட்டு, நைசு, கருங்கல் முதலிய தொன்மையான கடும்பாறைகளால் ஆனது. அப்பாறைகளிலுள்ள அபடைட்டு, பயோடைட்டு, ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் புளோரின் அடங்கியுள்ளது. மழை குறைந்த நாட்டில், நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தேங்கி, உவர்த்தன்மை ஏறி, சுண்ணச்சத்துக் குறைந்து நிற்கும்போது, புளோரைடு அதிற் கரைந்து சேர்கின்றது. கரைந்தது கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது. பளிங்கு போன்ற நீரிலும் அஃது இருக்கலாம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவே விரும்பத்தக்கது, வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், மொரப்பூர் வட்டாரங்களில் இவ்வரம்பைக் கடந்த கிணறுகள் பல கண்டறியப்பட்டுள்ளன.

உட்சென்ற புளோரைடில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறும். எஞ்சியது எலும்பிற் சென்று தங்கும். எலும்பின் மணியுருக்களில் இடம் பிடித்து அவற்றின் இயல்பை மாற்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு தடிக்கும். எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களிலும் சுண்ணம் படியும். கயிறாக இருக்க வேண்டியது கம்பியாகிவிடும். பத்து, இருபது ஆண்டு இவ்வாறு நிகழ்ந்தபின் உடம்பு முழுதும் விறைத்துக் கூனும். தொடக்கத்திலோ விட்டுவிட்டு வரும் மூட்டு நோவும் காலையில் எழும்போது காணும் பிடிப்பும் மட்டுமே உண்டு. வேறு வாதங்களிலிருந்து இதனைப் பிரித்தறிவது அப்போது மருத்துவர்க்கும் எளிதன்று.

முன்னோர் இந்நீரைப் பருகவில்லையா என்ற வினா எழும். ஏரி, குளம், ஆழமில்லாத ஊர்க்கிணறு ஆகியவற்றின் நீரே முன்னோர் பெரிதும் பருகியது. மழைநீர் பாறையோடு நெடுநாள் உறவாடாதது. ஆகவே புளோரைடு அதிற் குறைவு. கோயிலுக்கொரு குளம், ஊருக்கோர் ஊருணி என்ற ஏற்பாடு சமயக் கடமையாக நிலவிய நாளில், அது எலும்புக்கும் காப்பாக இருந்தது என்பதை அன்று எவரும் அறிந்திலர். ஆனால் குளத்து நீருக்கு வேறு குற்றங்கள் உண்டு. வாந்திபேதியும் நரம்புச் சிலந்தி நோயும் அதன் வழியே பரவின. வாந்திபேதி ஒரே வாரத்தில் தெருவையே வெறிதாக்கியது. அதனைத் தடுக்கவே 1960-களின் இறுதி தொட்டுப் பாறையைத் துளைக்கும் பொறிகள் கொண்டு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. 1970-களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துத் தேர்ந்த ‘இந்தியா மார்க் 2’ அடிகுழாய் நாடெங்கும் பரவியது. குழந்தைகள் பிழைத்தனர். அவ்வேலையைச் செய்தோர் செய்தது நல்லறமே. அதனை இகழ்தல் நன்றியின்மையாகும். எனினும் ஆழத்திலிருந்து வந்த நீர், குடலைக் காத்து எலும்பைக் கெடுத்தது. நீர்மட்டம் தாழத் தாழத் துளை இன்னும் ஆழமாகப் போயிற்று.

விடிவு காவிரியிலிருந்து வந்தது. ஒகேனக்கல் அருவிக்கு அருகே எடுக்கும் நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினர். அத்திட்டத்தின் பெயரிலேயே ‘புளோரோசிஸ் தணிப்பு’ என்ற சொல்லும் அமைந்துள்ளது. நோயின் பெயரைத் தாங்கிய நீர்த்திட்டம் தமிழகத்தில் வேறொன்று காண்டல் அரிது. சப்பான் நாட்டுக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 2013-ஆம் ஆண்டு மே மாதம் அது மக்களுக்கு வழங்கப்பட்டது. காவிரி இயல்பாகப் பாயும் நிலமன்று இது. ஆறு தாழ்வில் ஓடுகின்றது; ஊர்கள் மேட்டில் உள்ளன. பொறிகள் நீரை மேட்டுக்குத் தள்ளி ஏற்றுகின்றன. திருக்குடமுழுக்கின் கும்பத்தில் மந்திரத்தால் ஆவாகனம் செய்யப்பெறும் காவிரி, குழாய் வழியே தகடூர் நாட்டு வீடுகளுக்கும் ஏறிவந்தாள்.

இதனால் முடங்கியவர் அனைவரும் எழுந்து நடந்தனர் என்று எழுதினால் அது பொய்யாகும். முற்றிலும் இறுகிய முதுகெலும்பைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இன்றுவரை இல்லை. எலும்பில் தங்கிய புளோரைடு வெளியேற ஆண்டுகள் பல ஆகும். ஆனால் தொடக்க நிலையில் உள்ளவர் நல்ல நீருக்கு மாறுவாராயின் நோவும் பிடிப்பும் தணியக் காண்பர். நோய் மேலும் முற்றுவது தடைப்படும். இறுகியவர்க்கும் வெதுவெதுப்பான ஒற்றடமும் தைலமும் அளவான உடற்பயிற்சியும் நாளை எளிதாக்கும். ஆகவே திருமுக்கூடல் தைலங்கள் வீணானவையல்ல. நீரின் வாயிலை அடைத்தபின் அவை தம் வேலையைச் செய்யும். அடைக்காமல் தேய்ப்பது ஓட்டைக் குடத்துக்கு மெருகிடுவது போன்றது.

உணவும் இதில் துணைசெய்யும். சுண்ணச்சத்தும் சி உயிர்ச்சத்தும் மிக்க உணவு கொள்க என்று இந்நோய்க்கு மருத்துவர் கூறுவர். தகடூரையாண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனி அவ்வுயிர்ச்சத்தில் தலைசிறந்தது. காட்டுநெல்லி இன்றும் இம்மாவட்டத்து மலைகளில் காய்க்கின்றது. இந்நாட்டு உழவர் உண்ணும் கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணச்சத்து உண்டு. அரிசியில் அதனிற் சிறுபகுதியே. களியைத் தாழ்வென்று எண்ணி அரிசிச் சோற்றுக்கு மாறியவர் இதனை ஓர்தல் நலம். புளியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாள்தோறும் புளி சேர்த்துண்ட சிறுவர்க்குச் சிறுநீரில் புளோரைடு மிகுதியாக வெளியேறக் கண்டனர். புளியமரம் நிறைந்த தருமபுரிக்கு இஃது இனிய செய்தியே. ஆயினும் புளி உண்பதால் கெட்ட நீரைக் குடிக்கலாம் என்று பொருளன்று.

இதனினும் முதன்மையாக அறிய வேண்டியது, கொதிக்கவைத்தால் இக்குற்றம் நீங்காது என்பது. கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு ஏறும். காய்ச்சிய நீர் தூயது என்று எண்ணி நோயாளிக்கே அந்நீரை ஊட்டுவது அன்பினாற் செய்யும் பிழை. சில ஊர்களில் காவிரி நீரோடு ஊர்க்கிணற்று நீரைக் கலந்து விடும் வழக்கமும் உள்ளது; கலந்த அளவுக்குப் பயன் குறையும். எந்தக் குழாயில் எந்த நீர் வருகின்றது, அதில் புளோரைடு எவ்வளவு என்று சோதித்தறிவது ஊராரின் உரிமை. மழைநீரோ இக்குற்றம் அற்றது. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினர். பரந்த மண்டபங்களையும் தூர்ந்த குளங்களையும் உடைய திருக்கோயில்களுக்கு இதில் ஆற்றக்கூடிய பணி மிகுதி. குளம் தூரெடுத்தல் திருப்பணியின் பகுதியே அன்றி அதற்குப் புறம்பானதன்று.

எல்லா மூட்டு நோவும் நீரால் வருவதென்றும் கொள்ளற்க. தேய்மானத்தால் வருவது வேறு. குருதியில் யூரிக் அமிலம் மிகுந்து வருவது வேறு. இளவயதிலேயே விரல் மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம் வேறு. மருத்துவரைக் கண்டு தெளிந்தபின்னரே எது எனத் துணிதல் வேண்டும்.

நீரின் குற்றம் எலும்பிற் புலப்பட ஆண்டுகள் பல செல்லும். பல்லிலோ விரைவிற் புலப்படும். ஏறத்தாழ எட்டு வயதுக்குள், நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில், புளோரைடு மிகுந்த நீரைப் பருகிய குழந்தைக்கு அப்பற்கள் வெண்சுண்ணத் திட்டும் பழுப்புக் கோடுமாகவே முளைக்கும். பின்னர்த் துலக்கினாலும் போகாது. ஆகவே இந்நோயை ஆராய வருவோர் முதலிற் புகுவது முதியோர் இல்லத்திலன்று, பள்ளிக்கூடத்தில். 2013-க்குப் பின் பிறந்து காவிரி நீர் பருகி வளர்ந்த பிள்ளைகள் இப்போது அப்பள்ளிகளின் பலகைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு நிலைப்பற்கள் முளைத்துவிட்டன.